ஷோவுக்குக் கத்தரியா? மாவட்ட நிருபர் இப்போதே செய்ய வேண்டியவை

"நம்ம ஷோவுக்கு பட்ஜெட்டைக் குறைக்கிறாங்களாம்." சென்னை ஆபீஸ் கேன்டீனில் கிளம்பும் பேச்சு, மதியத்துக்குள் விழுப்புரம் நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். உண்மையா, புரளியா என்று ஆளாளுக்கு போன் போட்டுப் பயனில்லை. வெட்டு விழுந்தால் முதலில் போகும் செலவு எது, அந்தக் கணக்கில் நீங்கள் இருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

பிபிசியின் 'நியூஸ்நைட்' 1980 முதல் ஓடும் நடப்பு நிகழ்வு நிகழ்ச்சி. 2023 நவம்பரில் அதற்கே வெட்டு அறிவித்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. நேரம் அரை மணியாகச் சுருங்கியது. களத்துக்குப் போய் எடுக்கும் செய்திப் படங்களைக் கைவிட்டு, பேட்டியையும் விவாதத்தையும் வைத்துக்கொண்டார்கள். நாலு பேரை ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் பேசவிடுவது மலிவு. வண்டி, கேமராமேன், படிக்காசு என்று ஆள் அனுப்புவது செலவு. 2017-ல் என்டிடிவியும் செல்போனில் படம்பிடிக்கும் முறைக்கு மாறுவதாகச் சொல்லி கேமராமேன்கள் பலரை வேலையைவிட்டு அனுப்பியது. எங்கே வெட்டினாலும் முதல் அடி களத்துக்குத்தான். திண்டிவனத்தில் மைக் பிடிக்கும் நீங்கள் நிற்பதும் அங்கேதான்.

1. புல்லட்டினுக்கு வேலை செய்வதோடு நிறுத்தாதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறியது. அன்று எல்லா சேனலிடமும் ஒரே விஷுவல்தான். டெஸ்க்குக்கு நீங்கள் வெறும் 'விழுப்புரம் நிருபர்'. அதே ஊருக்கு மூன்று மாதம் கழித்துப் போய், பயிர் நிவாரணம் யாருக்கு வந்தது, குத்தகைக்கு உழுதவருக்கு ஏன் வரவில்லை என்று விசாரித்து வருபவரின் பெயர் புரொடியூசருக்கு மறக்காது. விவாதத்துக்கே தலைப்பு கொடுப்பவரை வெட்டுவது கடினம். ஒவ்வொரு ஸ்டோரி போன பிறகும், அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இன்புட் எடிட்டருக்கு மட்டும் அல்ல, ஷோ புரொடியூசருக்கும்.

2. ஒரு விஷயத்தை உங்களுடையதாக்குங்கள். அரசியல் தலைவரின் பேட்டிக்காகத் தைலாபுரம் தோட்டத்து வாசலில் நிற்கும் அத்தனை மைக்கில் உங்களுடையதும் ஒன்று. அங்கே நிற்காமல் இருக்க முடியாது, ஆனால் அதனால் தனிப் பெயர் கிடைக்காது. மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள், 2023 மே மாதம் அங்கே கள்ளச்சாராயத்தால் இறந்தவர்களின் குடும்ப நிலை, 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்கள் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். போன் நம்பர், அரசாணை, கோர்ட் பேப்பர் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பக்கத்து சேனல்காரர் உங்களிடம் தகவல் கேட்டு போன் செய்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

3. செல்போனில் ஷூட், எடிட், வாய்ஸ் ஓவர் மூன்றும் தெரியாவிட்டால் இந்த மாதமே கற்றுக்கொள்ளுங்கள். கேமராமேனின் வேலையைப் பறிப்பதாகத் தோன்றும். அந்தச் சங்கடம் நியாயமானது. ஆனாலும் கற்றுக்கொள்ளுங்கள், கேமராமேன் நண்பர் ஸ்கிரிப்ட் எழுதப் பழக நீங்களும் உதவுங்கள்.

4. குழுவில் புலம்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எச்ஆர் வரை போகும். நேரடி மேலதிகாரியிடம் ஒரே கேள்வி: "சார், அடுத்த மூணு மாசத்துக்கு மாவட்ட ஸ்டோரி எத்தனை எதிர்பார்க்கிறீங்க?" பதிலைவிட, பதில் சொல்லும் விதத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

5. வெளியே வேலை தேட ஆரம்பித்துவிட்டீர்களா? ஒளிபரப்பான உங்கள் ஸ்டோரிகளின் லிங்க்கைச் சேர்த்து, இரண்டு நிமிட ஷோரீல் தயாரியுங்கள். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசியது முதலில் வேண்டாம். அது எல்லோரிடமும் இருக்கிறது. அதிகாரியை மடக்கிக் கேட்ட கேள்வியை முதலில் வையுங்கள்.

கடைசியாகப் பணம். ஸ்டிரிங்கர் என்றால் பாக்கி பில் அத்தனையையும் தேதி, ஸ்டோரி பெயர், ஒளிபரப்பான நேரத்தோடு இந்த வாரமே மெயிலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக் கணக்கு வெட்டுக்குப் பிறகு செல்லாது. ஸ்டாஃப் என்றால் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த தொகை மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று படித்து, ஒரு காப்பியை வீட்டில் வையுங்கள். ஆபீஸ் மெயில் ஒரே இரவில் மூடப்படலாம்.