அரிசி வீட்டில் இருக்கிறது, காய்க்கு எங்கே போவது?

கேள்வி: சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரமாகக் குடியிருந்தோம். இப்போது பெரும்பாக்கம் குடியிருப்பில், ஐந்தாவது மாடியில் வீடு. அங்கே வேலை முடிந்து வரும் வழியிலேயே கூறு கட்டின காயும் மீனும் மலிவாகக் கிடைக்கும். இங்கே பிளாக்குக்குக் கீழே உள்ள கடையில் வாடின கத்தரிக்காய்க்கே விலை அதிகம். சிப்ஸ் பாக்கெட் மட்டும் சரம் சரமாகத் தொங்குகிறது. நான் வீட்டு வேலைக்குப் போகிறேன். கணவருக்கு பெயின்ட் வேலை, தினமும் இருக்காது. எனக்கு ரத்தம் குறைவு, அவருக்குச் சர்க்கரை. "காய், கீரை, பழம் நிறைய சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். இருக்கிற காசில் எதை வாங்குவது, எங்கே வாங்குவது?
– வாசகி, பெரும்பாக்கம்

பதில்: இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, சகோதரி. வீடு மாறியது, சந்தை கூடவே வரவில்லை. டாக்டர் சொன்னது சரிதான். அதைச் செய்ய வழி வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ரேஷனைக் கணக்குப் பார்ப்போம். அரிசி விலையில்லாமல் வருகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வயிறு காயாது. ஆனால் மாதம் கிடைக்கும் அந்த ஒரு கிலோ பருப்பை நாலு பேருக்குப் பங்கு போட்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்தான் வரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராமும் காய்கறி 400 கிராமும் வேண்டும் என்கிறது. அரசு அரிசியைப் பார்த்துக்கொள்கிறது; உங்கள் கைக்காசு மற்றதற்குப் போக வேண்டும். ரேஷன் அரிசியை மாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்கும் வீடுகள் நிறைய. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், அந்தப் பணத்தை முட்டைக்கும் பயறுக்கும் திருப்புங்கள்.

அடுத்து, வாங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். கெடாத பொருளைத் தூரத்தில், மொத்தமாக வாங்கலாம். பச்சைப்பயறு, காராமணி, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, வெங்காயம், முழுப் பரங்கிக்காய் எல்லாம் இந்த வகை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலை முடிந்து திரும்பும்போது, வாரம் ஒரு நாள் பெரிய கடைத்தெருவில் இறங்கி வாங்கி வந்துவிடுங்கள். போகிற வழியில் உழவர் சந்தை இருந்தால் இன்னும் நல்லது. அங்கே அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்; யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் அதற்கு வேலை முடிந்து வரும் நேரம் சரிப்படாது, காலையிலேயே போக வேண்டும்.

சீக்கிரம் வாடும் கீரை, தக்காளி, கொத்தமல்லியை மட்டும் வீட்டுப் பக்கம் வரும் தள்ளுவண்டியில் வாங்குங்கள். நாலு வீடு சேர்ந்து, "வாரத்தில் இந்த இரண்டு நாள் வாங்க, கட்டாயம் எடுத்துக்கிறோம்" என்று வண்டிக்காரரிடம் சொல்லி வையுங்கள். விற்றுப்போகும் என்று தெரிந்தால் அவர் நல்ல சரக்காகக் கொண்டு வருவார்.

உங்கள் ரத்தக் குறைவுக்கு ஆப்பிளும் மாதுளையும் தேடி அலைய வேண்டாம். முருங்கைக்கீரை, சிறுகீரை, கேழ்வரகு, வேர்க்கடலை போதும். கீரையோடு பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், டீ அந்தச் சத்தைச் சேர விடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். அசைவம் உண்டென்றால் சுவரொட்டி, கோழி ஈரல் இரண்டிலும் இரும்புச்சத்து அதிகம். கறியைவிடக் கோழி ஈரல் விலையும் குறைவு. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

உங்கள் கணவர் தட்டில் சோறு ஒரு கரண்டி குறையட்டும், சுண்டல் ஒரு கரண்டி கூடட்டும். சுரைக்காய், முள்ளங்கி, கோஸ், அவரை எது மலிவோ அது பொரியலாக இருக்கட்டும். உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியே சாப்பிடும் நாளில் அம்மா உணவகம் கைகொடுக்கும். 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அங்கேயும் பெரும்பாலும் அரிசிதான். அதனால் இரவுச் சாப்பாட்டில் காய் அதிகம் இருக்கட்டும்.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் சத்துணவில் முட்டை உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. இன்று முட்டை சாப்பிட்டாயா என்று தினமும் கேளுங்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கொடுக்கும் பத்து ரூபாய்க்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ வாழைப்பழமோ வாங்கிக் கொடுங்கள்.

இவ்வளவும் ஒரு வீடு தனியாகச் செய்யக்கூடியது. ஊர் கூடிச் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. உங்கள் பிளாக்கில் மகளிர் சுயஉதவிக் குழு இருந்தால், இருபது வீட்டுக்குத் தேவையானதை மொத்தமாகக் கோயம்பேட்டில் எடுத்து, ஒரு குட்டியானையில் ஏற்றி வரலாம். வண்டி வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். வீடு குறைந்தால் கட்டுப்படியாகாது.

நிரந்தரத் தீர்வு குடியிருப்புக்குள்ளேயே ஒரு காய்கறி, மீன் சந்தைதான். கூரை போட்ட இடம், தண்ணீர்க் குழாய், விளக்கு இருந்தால் வியாபாரிகள் தானாக வருவார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். ஒரு கையெழுத்தோடு போகாதீர்கள், பிளாக் பிளாக்காகக் கையெழுத்து வாங்கிப் போங்கள். வீட்டுக்கு இடம் பார்த்தவர்கள் சந்தைக்கும் இடம் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.