மாரத்தானுக்குத் தயாராகும் அம்மா, அப்பாக்களுக்குக் காஞ்சிபுரத்துக் குறிப்புகள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பணும், தறியோ கடையோ ஆபீஸோ பார்க்கணும், நடுவில் 42.195 கி.மீ. ஓடவும் ஆசை. நம்ம ஊரில் இருந்துகொண்டே, கையைக் கடிக்காமல் தயாராக இதோ சில வழிகள்.

1. சென்னை ரன்னர்ஸ் அமைப்பின் சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் வரும். 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் முதல் வாரம். திட்டம் போடும்போது பள்ளிக் காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். மிக நீண்ட ஓட்டத்தை டிசம்பர் முதல் வாரத்தில் முடித்துவிட்டால், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் நீங்களும் ஓட்டத்தைக் குறைக்கும் கட்டத்தில் இருப்பீர்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரத் தெம்பு மிஞ்சும்.

2. முதல் வருஷமே முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். அதே நாளில் 10 கி.மீ., அரை மாரத்தான் எல்லாம் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

3. செலவு செய்வதானால் ஷூவுக்குச் செய்யுங்கள். விலை உயர்ந்த வாட்ச் இல்லாமலே ஓடலாம். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய், விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். ஓடிய தூரத்தை அடுப்படிக் காலண்டரில் குறித்து வந்தால், 500 முதல் 800 கி.மீ.க்குள் அடுத்த ஜோடிக்குப் பணம் ஒதுக்க வசதியாக இருக்கும்.

4. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு நேர்ப்பாதை வேண்டாம், வீட்டைத் தொட்டு வரும் சுற்றுப்பாதை போடுங்கள். 3, 4 கி.மீ.க்கு ஒருமுறை திண்ணையில் வைத்த தண்ணீரைக் குடிக்கலாம், குழந்தை எழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கலாம், பால்காரரிடம் பாலும் வாங்கலாம். கணவன், மனைவி இருவருமே ஓடுகிறவர்கள் என்றால் சுற்று மாற்றிச் சுற்று ஓடுங்கள். ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பார்.

5. காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள ராஜ வீதிகளும் காந்தி ரோடும் விடியற்காலையில்தான் நமக்கு. பட்டு வாங்க வரும் வேன்கள் நுழைந்துவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. நேரமாகிவிட்டால் கைலாசநாதர் கோயில் பக்கம் திரும்புங்கள், அங்கே சந்தடி குறைவு. போகிற வழியில் நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தால் அடுத்த தெருவால் சுற்றிப் போங்கள். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அதில் இருக்கிறது.

6. மார்கழியில் வாசல் கோலங்களை மிதிக்காமல் தெருவின் நடுவே ஓட வேண்டிவரும். வெளிர் நிறச் சட்டை போட்டு, வண்டிக்கு எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள், நடந்து கடந்துவிடுங்கள்.

7. ஓட்டத்துக்கு முன் நம்ம கோயில் இட்லி ஆகாது; நெய்யும் மிளகும் வயிற்றைப் படுத்தும். சாதா இட்லி இரண்டு அல்லது ஒரு வாழைப்பழம் போதும். கோயில் இட்லியை ஓடி முடித்த பிறகு சாப்பிடக் கட்டிக்கொண்டு போங்கள்: சட்னி வேண்டாம், சீக்கிரம் கெடாது, சுக்கும் சீரகமும் களைத்த வயிற்றுக்கு இதம்.

8. கடையில் விற்கும் பானத்துக்குப் பதில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து பாட்டிலில் நிரப்புங்கள். அளவை மட்டும் தட்டிச் சமமாக்கியே போடுங்கள். கடலை மிட்டாயை உடைத்து ஒரு பொட்டலம் இடுப்புப் பையில் இருந்தால் பாதி வழிக்கு உதவும்.

9. நமக்கு அடைமழையும் பயிற்சியும் ஒரே நேரத்தில்தான் வரும். நனைந்த ஷூவில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அரை மணி கழித்துத் தாளை மாற்றினால் சீக்கிரம் காயும். அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுப்போகும்.

10. அக்குள், தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் உரசிப் புண்ணாகாது. பருத்தி சாக்ஸ் வேர்வையை இழுத்து வைத்துக்கொண்டு கொப்புளம் உண்டாக்கும், நைலான் கலந்ததே மேல்.

11. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் பயிற்சிக்குச் சரியான வேகம். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

12. குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்து மிதிக்கிறவர்களுக்கு இடுப்பும் பின்தொடையும் இறுகிப் போயிருக்கும். எழுந்ததும் ஓடாமல், பத்து நிமிஷம் வேகமாக நடந்து, காலை முன்னும் பின்னும் வீசிவிட்டுத் தொடங்குங்கள்.

13. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் படுக்காதீர்கள், வரதராஜர் கோயில் பிராகாரத்தை மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். சந்நிதிக்குப் போகும் 24 படிகளில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடை வலிக்கும். பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.

14. பிள்ளை கிரிக்கெட் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடுங்கள். பெரிய பிள்ளை என்றால் சைக்கிளில் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வரட்டும். அதுவே தனி உற்சாகம்.

15. ஓட்டம் விடியும் முன்பே தொடங்கிவிடும், அதனால் முதல் நாளே சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். புது ஷூ, புதுச் சாப்பாடு எதையும் அன்றைக்குச் சோதிக்க வேண்டாம். எண் அட்டையை ராத்திரியே சட்டையில் ஊக்கு குத்தி, தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுங்கள்.