பட்டாளத்து ஓய்வாளரும் வைத்தியக் காப்பும்

"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பது வணிகர் யாவரும் அறிந்த பழமொழி. சரக்கைக் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் பதியாது விட்டால், பின்னர் வழக்காடிப் பயனில்லை. இவ்வுண்மை கடைக்காரருக்கு மட்டுமன்று, துப்பாக்கி ஏந்திய பட்டாளத்துக்காரருக்கும் பொருந்தும். அமெரிக்க நாட்டில் பட்டாளத்திலிருந்து விலகியோரின் வைத்திய உரிமை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இவ்விதழில் பாடமாகக் காண்போம்.

1. இரு வகையினர்

முதலில் ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்த வேண்டும். பட்டாளத்தில் சில ஆண்டுகள் ஊழியம் செய்து விலகியவர் முன்னாள் வீரர். பொதுவாக 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஊழியம் செய்து பென்ஷன் பெறுகிறவர் ஓய்வாளர். ஓய்வாளர் எல்லோரும் முன்னாள் வீரரே. ஆனால் முன்னாள் வீரர் எல்லோரும் ஓய்வாளர் அல்லர். இதை அறியாமையால் விளையும் குழப்பமே அதிகம்.

2. இரண்டு வாயில்கள்

முன்னாள் வீரருக்குரிய வாயில், வீரர் நல இலாகா நடத்தும் ஆஸ்பத்திரிகள். சுருக்கமாக இதனை வி.ஏ. என்பர். மானக்கேடான முறையில் நீக்கப்படாதவர் இதற்கு மனுச் செய்யலாம். மனுதாரரை எட்டுப் பிரிவுகளாக வகுப்பர். ஊழியத்தால் நேர்ந்த உடல் ஊனம் 50 சதவீதமோ அதற்கு மேலோ என மதிப்பிடப்பட்டவர் முதற் பிரிவில் சேர்வர். போர்க்களத்து நச்சுப் புகையாலும் வியட்நாமில் தெளித்த மருந்தாலும் நோயுற்றோருக்கு, 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் கையெழுத்தான சட்டம் இவ்வாயிலை மேலும் அகலத் திறந்தது. எனினும் இது வீரருக்கு உரியதே; மனைவி மக்களுக்குப் பொதுவாக இதில் இடமில்லை.

ஓய்வாளருக்கு உரிய வாயில் டிரைகேர் எனும் காப்புத் திட்டம். இதில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. இதனுள் முக்கியமாக இரு வழிகள் உள்ளன. ஒன்று பிரைம்: குறித்த ஒரு டாக்டரிடம் சென்று, அவர் அனுப்பினால் மட்டுமே நிபுணரிடம் போவது, செலவு குறைவு. மற்றொன்று செலக்ட்: அங்கீகாரம் பெற்ற எந்த டாக்டரிடமும் போகலாம், செலவில் பங்கு கூடுதல். விலகிய 90 நாட்களுக்குள் இரண்டில் ஒன்றில் பெயர் பதிய வேண்டும்.

ஓய்வாளர் விரும்பினால் இரு வாயில்களையும் வைத்துக்கொள்ளலாம். தமக்கு வி.ஏ., மனைவிக்கு டிரைகேர் என்று வகுத்துக்கொள்வோரும் உண்டு.

3. அறுபத்தைந்தாம் வயதுத் திருப்பம்

65 வயதானதும் அந்நாட்டு முதியோர் யாவருக்கும் உள்ள மெடிக்கேர் வருகிறது. 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இது. இதன் ஏ பகுதி ஆஸ்பத்திரிச் செலவுக்கு. உழைத்த காலத்தில் வரி செலுத்தியவருக்கு மாதக் கட்டணமில்லை. பி பகுதி டாக்டர் செலவுக்கு. இதற்கு மாதந்தோறும் கட்டணம் உண்டு. 2025-ஆம் ஆண்டில் அதன் சாதாரண அளவு 185 டாலர்.

பட்டாளத்து ஓய்வாளர் இவ்விரு பகுதிகளையும் வைத்திருந்தால், மெடிக்கேர் முதலில் கொடுக்கும். எஞ்சியதில் பெரும்பாலானதை டிரைகேர் கொடுக்கும். பி பகுதியை விட்டால் டிரைகேரும் போய்விடும். ஒரு நூலை அறுத்தால் மாலையே சிந்திவிடுகிறது!

பி பகுதியில் சேரத் தவணை ஏழு மாதம்: பிறந்த மாதத்துக்கு முன் மூன்று, அம்மாதம், பின் மூன்று. வேலையில் இருந்துகொண்டு முதலாளி தரும் காப்பை வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. மற்றவர் தவறினால், முழுதாய்க் கழிந்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பத்துச் சதவீதம் தண்டம். வி.ஏ. ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று சும்மா இருந்தவருக்கும் இத்தண்டம் உண்டு. மூன்றாண்டு தாமதித்தவரின் கணக்கைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி 185-இல் முப்பது சதவீதம் 55 டாலர் 50 காசு. ஆண்டுக்கு 666 டாலர். அதுவும் ஓராண்டோடு தீராது. பி பகுதி உள்ளவரை தொடரும். கட்டணம் உயர உயரத் தண்டமும் உயரும்.

4. வாய்ச்சொல்லின் கதி

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் கொரியப் போர்க் காலத்திலும் ஆள் சேர்த்த அதிகாரிகள், "இருபது ஆண்டு ஊழியம் செய், உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஆயுள் முழுதும் இலவச வைத்தியம்" என்று வாக்களித்தனர். பலர் அதை நம்பித் தம் இளமையைக் கொடுத்தனர். ஆனால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் மட்டுமே ஓய்வாளருக்குச் சிகிச்சை என்றது. 1966-இல் வந்த காப்போ 65 வயதோடு நின்றது. முதுமை வந்தபோது குடை மடக்கப்பட்டது!

ஓய்வாளர்கள் வழக்குத் தொடுத்தனர். வியட்நாமில் சிறைப்பட்டு மீண்ட வீரரும் வழக்கறிஞருமான கர்னல் பட் டே அவர்களுக்காக வாதாடினார். அத்தகைய வாக்குறுதிகள் தரப்பட்டது மெய்யே என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. ஆயினும் 2002-ஆம் ஆண்டு நவம்பர் 18-இல் மேல்முறையீட்டு மன்றம், ஒன்பது நீதிபதிகளுக்கு நால்வர் என்ற கணக்கில், வழக்கைத் தள்ளியது. சட்டத்தில் இல்லாததைக் கொடுப்பதாகச் சொல்ல அதிகாரிக்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பு. 2003-இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

அவர்கள் மன்றத்தில் தோற்றாலும், போராட்டம் வீண்போகவில்லை. 2000-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தால், 2001 அக்டோபர் 1 முதல் 65 வயது கடந்தோருக்கும் டிரைகேர் வந்தது. மேலே நாம் கண்ட, மெடிக்கேரின் பின் நிற்கும் ஏற்பாடு இதுவே. வாய்ச்சொல் கொடுக்காததை எழுத்துக் கொடுத்தது.

5. கடல் கடந்து வாழ்வோர்

அத்தகைய ஓய்வாளர் ஒருவர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வந்து குடியிருந்தால் என்னாகும்? மெடிக்கேர் பொதுவாக அயல்நாட்டில் செல்லாது. டிரைகேர் செல்லும், ஆனால் பி பகுதிக் கட்டணத்தை இங்கிருந்தும் கட்டியே ஆகவேண்டும்! வி.ஏ. இலாகா ஊழியத்தால் வந்த நோய்க்கு மட்டுமே இங்கு பணம் தரும். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டியவர் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, மூன்றாண்டுக்குள் டிரைகேருக்கு மனு அனுப்ப வேண்டும். ரசீது தொலைந்தால் பணமும் தொலைந்ததே.

6. பாடத்தின் சாரம்

எந்த வாயில் நமக்குரியது, குடும்பத்தாருக்கு அதில் பங்குண்டா, தவணை என்று முடிகிறது, வாக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது: இந்நான்கையும் கேட்டவர் ஏமாறுவதில்லை.

நம் கடைகளிலும் முப்பது ஆண்டு உழைத்த கணக்குப்பிள்ளைகளும் சிப்பந்திகளும் உள்ளனர். "கடைசிவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நல்லெண்ணத்தோடு அவர்களிடம் சொல்லியிருப்போம். சொன்னவர் மறைந்து, பிள்ளைகள் கைக்குக் கடை மாறும் நாளில் அச்சொல்லுக்குச் சாட்சி யார்? ஆகவே சகோதரர்களே, கொடுக்க நினைப்பதை இன்றே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒரு தாள் போதும். ஒரு முதியவரின் மானம் காக்கப்படும்.