இழுவை வண்டிச் சட்டத்தின் துரு

மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களில் டிராக்டரின் பின்னே இழுக்கப்படும் வண்டிகள் பலவற்றில் மேற்பூச்சு பளபளவென்றிருக்க, அடிச்சட்டம் செதில் செதிலாய் உதிர்வதைக் காணலாம். காற்றும் நீரும் கூடிய இடத்தில் இரும்பு துருப்பிடிப்பது யாவரும் அறிந்ததே. உரமூட்டையினின்று சிந்தும் பொட்டாஷின் குளோரைடு உப்பு அதனை மிக விரைவுபடுத்துகிறதென்பதையோ பலர் கருதுவதில்லை.

ஆகையால், உரம் இறக்கிய அன்றே அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிட வேண்டும். உவர்க்கிணற்று நீர் ஆகாது. பெட்டி வடிவச் சட்டத்தின் கீழுள்ள வடிதுவாரங்களைச் சேறு அடைத்துக்கொண்டால், உள்ளே தேங்கும் நீர் வெளியே தெரியாமலே அரிக்கும்; அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்து வைப்பது எப்பூச்சினும் மேலான காப்பாகும்.

துருவேறிய இடத்தைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் இரும்பு வெளுக்கும்வரை தேய்க்கவும். பின்பு சுத்தியலால் தட்டுக. தகடு நெளிந்தாலும் பள்ளம் விழுந்தாலும் பூச்சினால் பயனில்லை. பட்டறையில் பற்றவைத்தே தீரவேண்டும். பாரத்தோடு சட்டம் முறிந்தால் உயிருக்கே அபாயம்.

மூலைகளில் எஞ்சும் துருவுக்குக் கையுறையணிந்து, பாஸ்பாரிக் அமிலமோ டானினோ கலந்த துருமாற்றியைத் தடவலாம். (கடுக்காய்ச் சாறு இரும்போடு கூடி மையாய்க் கறுப்பதும் இவ்வகையே.) உலர்ந்தபின் துத்தநாகப் பாஸ்பேட்டு அடிப்பூச்சும், அதன்மேல் இருமுறை எனாமலும் பூசுக. முன்னாளில் வழங்கிய ஈயச் செந்தூரம் நஞ்சாதலின் விலக்கத்தக்கது. கழிவெண்ணெய் தடவும் வழக்கமும் நன்றன்று. அது டயரைக் கெடுத்து வயலிலும் சொட்டும்.

இவ்வேலையைப் புரட்டாசிக்குள் முடித்தல் நலம். ஐப்பசி அடைமழையின் ஈரத்தில் பூச்சு பிடியாது.