தம்பி, தங்கச்சி ப்ளஸ் ஒன் போறாங்களா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நிறைய வீடுகளில் முதல் போன் யாருக்குப் போகும் தெரியுமா? சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிற அண்ணனுக்கு, இல்லைன்னா அக்காவுக்கு. "எந்த குரூப் எடுக்கலாம்? அந்த பிரைவேட் ஸ்கூல்ல சேர்த்துடலாமா? நாளைக்கே அட்வான்ஸ் கட்டணுமாம்." உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நம்பிக் கேட்கிறாங்க. பணமும் பெரும்பாலும் உங்க சம்பளத்திலிருந்துதான் போகப் போகுது.

அதனால இன்னைக்கு ப்ளஸ் ஒன் சேர்க்கையை ஒரு பண முடிவாகவே எடுத்துப் பார்ப்போம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்துத்தான் சொல்றேன்.

1. எந்த குரூப் எந்தக் கதவைத் திறக்கும்?

ப்ளஸ் டூவில் மொத்தம் 6 பாடம், 600 மார்க். தமிழ், ஆங்கிலம் எல்லாருக்கும் பொது. மீதி நான்கு பாடங்களைத்தான் குரூப் என்கிறோம்.

* கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்: இன்ஜினியரிங், மருத்துவம் இரண்டுக்கும் போகலாம். சுமையும் அதிகம்.
* கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல்: இன்ஜினியரிங் போகலாம். நீட் எழுதும் எண்ணம் இருந்தா இது வேண்டாம்.
* இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்: மருத்துவம், நர்சிங், வேளாண்மை, அறிவியல் பட்டப்படிப்புகள். கணிதம் கேட்கிற இன்ஜினியரிங் கிடைக்காது.
* வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல்: இதோடு வணிகக் கணிதமோ, கணினிப் பயன்பாடுகளோ, வரலாறோ பள்ளிக்குப் பள்ளி மாறும். பி.காம், பி.பி.ஏ., சி.ஏ., சட்டம் என்று போகலாம்.
* தொழிற்கல்விப் பிரிவு: செய்முறை அதிகம். இதைப் படித்தவங்களுக்கும் இன்ஜினியரிங் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கு.

ப்ளஸ் ஒன் மட்டும்தான் வழின்னும் இல்லை. பத்தாவது முடிச்சு பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமோ படித்தால், அதற்கப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

ஒரு விஷயம் கவனிங்க. கணித குரூப் படித்தவர் பின்னாடி பி.காம் பக்கம் வர முடியும். வணிகவியல் படித்தவர் பி.இ. பக்கம் போக முடியாது. "அப்போ எதுக்கும் இருக்கட்டும்னு கணித குரூப்பே எடுத்துடலாமே" என்று தோணும். அங்கேதான் அடுத்த கணக்கு வருது.

2. கட்-ஆஃப் கணக்கு

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ மார்க்கை வைத்து 200-க்குக் கட்-ஆஃப். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு.

கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 வாங்கினால்: 90 + 40 + 42 = 172. தமிழில் 98 வாங்கினாலும் உயிரியலில் 95 வாங்கினாலும் இந்த 172 மாறாது.

இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்க. கட்-ஆஃபில் பாதி எடை கணிதத்துக்கு. பத்தாவதில் கணிதத்தோடு மல்லுக்கட்டின பிள்ளையை "எதுக்கும் இருக்கட்டும்" என்று இந்த குரூப்பில் உட்கார வைத்தால், கதவு பேப்பரில் மட்டும்தான் திறந்திருக்கும். நல்ல கல்லூரி கிடைக்காது, பி.காம் சேரலாம்னு வந்தால் மொத்த மார்க்கும் குறைவாக இருக்கும்.

"மார்க் வராதவங்கதான் காமர்ஸ் எடுப்பாங்க" என்கிற பேச்சை நான் ஒத்துக்க மாட்டேன். என் தொழிலையே எடுத்துக்கோங்க. சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப் படித்திருந்தாலும் சரி. ஆனால் அதில் வரும் நான்கு தாள்கள் கணக்கியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளியல். வணிகக் கணிதத்தோடு காமர்ஸ் படித்த பிள்ளைக்கு இதில் பெரும்பகுதி ஏற்கனவே பழகின விஷயம்.

3. அரசுப் பள்ளியிலிருந்து மாத்தப் போறீங்களா? நில்லுங்க!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வெச்சுக்கலாம்னா, இதை வெச்சுக்கோங்க.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவங்களுக்கு மருத்துவத்திலும் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்துக்கு 2020-லும் மற்றவற்றுக்கு 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும்.

அது தவிர மாதம் 1,000 ரூபாய். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). கல்லூரிப் படிப்பு முடியும் வரை வரும்.

இப்போ பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த தங்கையை "இனிமேலாவது நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்" என்று தனியார் பள்ளிக்கு மாத்தினால் என்ன ஆகும்? கடைசி இரண்டு வருஷத்தால் இந்த இரண்டு சலுகையும் போயிடும்.

எண்ணில் பார்ப்போம். இவை உதாரணத்துக்கான தொகைகள், உங்க ஊர்த் தொகையைப் போட்டுக்கோங்க.

* தனியார் பள்ளி, பஸ், புத்தகம் சேர்த்து வருஷம் 1,10,000 × 2 = 2,20,000
* கல்லூரிக் கல்விக் கட்டணம் வருஷம் 55,000 × 4 = 2,20,000
* மாதம் 1,000 × 48 மாதம் = 48,000

மொத்தம் 4,88,000 ரூபாய். மாதம் 35,000 சம்பளம் வாங்குகிறவருக்கு இது கிட்டத்தட்ட 14 மாதச் சம்பளம். உள் ஒதுக்கீடு என்றால் சீட் தானாக வந்துடாது, அதற்கும் மார்க் வேணும். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற உரிமையையே நாம காசு கொடுத்து விட்டுவிடுகிறோம் என்பதுதான் விஷயம்.

படிக்கிற பள்ளியில் வேணும்கிற குரூப் இல்லையா, இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லையா? பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியை முதலில் விசாரிங்க. அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாறினால் சலுகை போகாது. அரசு உதவிபெறும் பள்ளி வேறு கணக்கு. அங்கே தமிழ் வழியில் படித்தால் மாதம் 1,000 உண்டு, 7.5 சதவீதம் கிடையாது.

4. முதல் பட்டதாரி சலுகை

"நமக்குத்தான் முதல் பட்டதாரி சலுகை இருக்கே" என்று அம்மா சொல்லுவாங்க. நீங்க டிகிரி முடிச்சிருந்தால், முதல் பட்டதாரி நீங்கதான். தம்பிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. கல்லூரி பட்ஜெட் போடும்போது அந்தத் தொகையை இப்பவே அடிச்சுடுங்க.

5. வரியில் என்ன மிச்சமாகும்?

தம்பி, தங்கையின் ஃபீஸை நீங்க கட்டினால் உங்க வரியில் ஒரு ரூபாயும் குறையாது. கல்விக் கட்டணக் கழிவு சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். நாளைக்கு அவங்களுக்காக நீங்க கல்விக் கடன் வாங்கினாலும், சட்டப்படி கார்டியனாக இல்லாத வரை வட்டிக் கழிவும் கிடைக்காது.

அப்பாவுக்கு வரி கட்டுற அளவு வருமானம் இருந்து, பழைய முறையிலும் இருந்தால், பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பி அவரையே ஃபீஸ் கட்டச் சொல்லுங்க. பெற்றோருக்குக் கொடுக்கிற பணத்துக்கு இரண்டு பக்கமும் வரி இல்லை. கல்விக் கட்டணம் மட்டும்தான் கழிவில் வரும். பஸ், ஹாஸ்டல், டொனேஷன் வராது. நீங்க புதிய முறையில் 12.75 லட்சத்துக்குள் சம்பளம் வாங்குறீங்கன்னா உங்களுக்கு வரியே வராது, அதனால இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

6. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி

* தனியார் பள்ளி என்றால், அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கு என்று பாருங்க. 2009 சட்டப்படி அதற்கு மேல் வாங்கக் கூடாது.
* ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. "ரசீது அப்புறம் தர்றோம்" என்றால் பணமும் அப்புறம்.
* நீட் கோச்சிங் சேர்த்த பேக்கேஜா? நடுவில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்க.
* ப்ளஸ் டூ வரை கையில் 24 மாதம் இருக்கு. மாதம் 5,000 ஆர்.டி. போட்டால் அசலே 1,20,000. இரண்டு வருஷத்தில் வேணும்கிற பணத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் போடாதீங்க.
* உங்க அவசர நிதியை உடைச்சு அட்வான்ஸ் கட்டாதீங்க. வேலையில் ஏதாவது ஆனால், அடுத்த தவணை ஃபீஸும் சேர்ந்தே நின்னுடும்.

கடைசியா ஒன்று. இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு, படிக்கப் போற பிள்ளைகிட்ட போனைக் கொடுக்கச் சொல்லுங்க. "உனக்கு எந்தப் பாடம் தானா உட்கார்ந்து படிக்கத் தோணுது?" என்று கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் நடுவில் பேசாதீங்க. ஃபீஸ் கட்டுறவங்க நீங்கதான், ஆனால் அந்த நாலு பாடத்தோடு இரண்டு வருஷம் உட்காரப் போறது அவங்க.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போறீங்கன்னா, இதை வீட்டில் எல்லாரையும் வெச்சு ஒரு தடவை சத்தமாப் படிங்க. அடுத்த வீடியோவில் கல்விக் கடன் வட்டியைப் பத்திப் பேசுவோம்.