மருந்துச் சீட்டில் மூன்று எண்கள்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 1-1-1 என்று இருக்கும். அல்லது 1-0-1 என்று இருக்கும். முதல் எண் காலை. நடு எண் மதியம். கடைசி எண் இரவு. 0 என்றால் அந்த வேளைக்கு மருந்து இல்லை.

ஒரு மருந்து மூன்று வேளை. இன்னொரு மருந்து ஒரே வேளை. ஏன் இந்த வேறுபாடு?

நாம் விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் கலக்கிறது. உடல் முழுவதும் செல்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஒரு நேரம் ஆகும். அந்த நேரத்திற்கு அரை ஆயுள் என்று பெயர்.

காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலின் அரை ஆயுள் 2 முதல் 3 மணி நேரம். 2 மணி என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

உடலில் சேர்ந்தது: 500 மில்லிகிராம்
2 மணி நேரம் கழித்து: 250
4 மணி நேரம் கழித்து: 125
6 மணி நேரம் கழித்து: சுமார் 62

மருந்து குறைந்ததும் காய்ச்சல் மீண்டும் ஏறலாம். அதனால்தான் 4 முதல் 6 மணி நேரம் கழித்து அடுத்த மாத்திரை தருகிறார்கள்.

இரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் அப்படி அல்ல. அதன் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். மெதுவாகவே குறையும். ஆகவே நாளைக்கு ஒரு வேளை போதும்.

"பகலெல்லாம் வேலை. மூன்று மாத்திரையையும் இரவில் சேர்த்துப் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் மருந்து அளவு மீறிவிடும். மறுநாள் பகலில் மருந்து போதாது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். உயிருக்கே ஆபத்து. கிருமியைக் கொல்லும் மருந்தை வேளை தவறிச் சாப்பிட்டால், கிருமி மீண்டும் பெருகலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டதா? அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். செவிலியரிடம் கேளுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர் உடலில் பல மருந்துகள் நீண்ட நேரம் தங்கும். முதியவர்களுக்கும் அப்படி ஆகலாம். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். எனவே ஒருவர் மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது.

சீட்டில் உள்ள எண்கள் மருந்தின் கடிகாரம். அதை நாமே மாற்றக் கூடாது.

பயிற்சி

1. சீட்டில் 1-0-1 என்று உள்ளது. 5 நாளைக்கு எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்?

2. ஒரு மருந்தின் அரை ஆயுள் 4 மணி நேரம். காலை 6 மணிக்கு உடலில் 400 மில்லிகிராம் இருந்தது. மதியம் 2 மணிக்கு எவ்வளவு இருக்கும்?

3. உங்கள் வீட்டில் உள்ள மருந்துச் சீட்டைப் படியுங்கள். எந்த மருந்து எந்த வேளைக்கு என்று எழுதுங்கள்.