படைக்கலமும் வாகனத் தணிக்கையும்

படைக்கலம் தாங்குதற்கு உரியார் யாவர் என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. வேந்தன் ஏவிய வினைமேற் செல்லுங்கால் வேளாண் மாந்தரும் படையும் கண்ணியும் பெறுவர் என்று தொல்காப்பியர் மரபியலில் இலக்கணம் வகுத்தார். ஏர்பிடிக்குங் கை வேல்பிடித்தற்கு வேந்தன் விடை வேண்டும் என்பது அதன் கருத்து. இற்றைநாளில் வேந்தன் இடத்தில் மாவட்ட ஆட்சியர் இருக்கின்றார். கண்ணிக்குப் பதிலாக முத்திரையிட்ட உரிமப் புத்தகம் கிடைக்கின்றது. மற்றபடி கொள்கை பெரிதும் மாறவில்லை.

துப்பாக்கி என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வான்சிறப்பில் வள்ளுவனார் ஆளும் துப்பாக்கி உணவாக்குதலைக் குறிப்பது. அதனை வெடிக்கருவியாகக் கொண்டு நகையாடாத தமிழ் வகுப்பு எக்கல்லூரியிலேனும் உண்டோ? நாம் ஈண்டு ஆராயப்புகும் துப்பாக்கி துருக்கிய மொழியின் வழியாக வந்த வேறொரு சொல். அதிலும், இடுப்பிலோ பையிலோ மறைந்து கிடக்கும் கைத்துப்பாக்கியே நம் பொருள். அதனை முறைப்படி உரிமம் பெற்று வைத்திருக்கும் ஒருவர் வண்டியிற் செல்லுங்கால் காவலர் கைகாட்டி நிறுத்தினால் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே வினா. சிறு வினாவெனத் தோன்றும். ஆனால் அதன் விடையில் இருவர் உயிர் அடங்கியுள்ளது.

முதற்கண் சட்டத்தை நோக்குவோம். ஆங்கிலேயர் 1878-இல் இயற்றிய படைக்கலச் சட்டத்தின்கீழ் இந்தியர் உரிமம் பெற வேண்டியிருந்தது, ஐரோப்பியர்க்கோ விலக்களிக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. 21 வயது நிரம்பாதார்க்கு உரிமம் இல்லை. ஆகவே இம்மலரைப் படிக்கும் மாணவருட் பெரும்பாலார் இப்போதைக்கு இதனை ஏட்டறிவாகவே கொள்ளலாம். 2019-இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றினின்றும் இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டினின்றும் ஐந்தாண்டாக நீட்டியது. திருவிழாவிலும் திருமணத்திலும் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர்க்கு இடர்விளைத்தலைத் தனிக் குற்றமாக்கியது.

பாதையில் நிறுத்தப்படுவார்க்கு மூன்று பிரிவுகள் இன்றியமையாதன. 19-ஆம் பிரிவின்படி, படைக்கலம் கொண்டுசெல்லும் எவரிடமும் எந்தக் காவல் அலுவலரும் உரிமத்தைக் காட்டுமாறு கேட்கலாம். காட்டத் தவறினால் பெயரும் முகவரியும் கேட்கலாம். வேண்டின் கருவியைக் கைப்பற்றலாம். பெயர் கூற மறுத்தாலோ, பொய்ப்பெயர் கூறுவதாக ஐயுற்றாலோ, பிடியாணையின்றிக் கைதுசெய்யலாம். 23-ஆம் பிரிவு, சட்டமீறலைக் கண்டறியும்பொருட்டு வண்டிகளை நிறுத்திச் சோதிக்க இடந்தருகின்றது. இவ்விரண்டையும்விட நாம் உன்னிப் படிக்கவேண்டுவது 20-ஆம் பிரிவு. தகாத செயலுக்குப் பயன்படுமோ என்று நியாயமான ஐயம் எழும் வகையில் ஒருவன் படைக்கலம் கொண்டுசென்றால், உரிமம் இருப்பினும் இல்லாவிடினும், அவனைக் கைதுசெய்யலாம் என்பது அது. உரிமம் இருக்கின்றதே என்று தருக்கி நிற்பார் ‘இருப்பினும்’ என்னும் அந்த ஒரு சொல்லை மறவாதிருப்பாராக. கருவி கையில் இருத்தற்கு உரிமம் போதும். அது இருக்கும் முறைக்கு உடையவனே பொறுப்பாளி.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலை வேறு. அங்கே 1791-இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் படைக்கலம் தாங்குதலைக் குடிகளின் உரிமையாகவே கூறுகின்றது. நம் நாட்டில் அது உரிமையன்று, விடை. நமக்கு இவ்வேறுபாடு நன்மையே என்பது என் துணிபு. எனினும் பாதைச் சோதனையின் இடரை அந்நாட்டு நிகழ்ச்சியொன்றைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்தை அடுத்துள்ள ஃபால்கன் ஹைட்ஸ் என்னுமிடத்தில், 2016 ஜூலை 6 மாலை, பிலாண்டோ காஸ்டில் என்னும் 32 வயதினர் காரோட்டி வந்தார். பள்ளியொன்றின் உணவுக்கூடத்திற் பணிபுரிந்தவர், கறுப்பினத்தவர், துப்பாக்கிக்கு முறையான அனுமதி பெற்றவர். வண்டியின் பின்விளக்கைக் காரணங்காட்டிக் காவலர் நிறுத்தினார். காப்பீட்டுத் தாளைக் கொடுத்தபின், தம்மிடம் துப்பாக்கி உண்டென்று காஸ்டில் தாமாகவே மரியாதையுடன் தெரிவித்தார். அதை எடுக்கவேண்டா என்றார் காவலர். எடுக்கவில்லை என்றார் இவர்; உடனிருந்த பெண்ணும் அவ்வாறே கூறினார். அனுமதியைப் பற்றிய பேச்சு எழுதற்குள் ஏழு குண்டுகள் பாய்ந்தன. பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தையொன்று இருந்தது. அவர் துப்பாக்கியை எடுக்கக் கையை நீட்டியதாகத் தாம் அஞ்சியதாகக் காவலர் கூறினார். 2017 ஜூனில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. மாண்டவர் உண்மை பேசியவர். சட்டத்தின் வழி நின்றவர். நிறவேற்றுமையே அவ்வச்சத்தை வளர்த்ததென்று பலர் வருந்திக் கூறினர். அதனை மறுத்தற்கு எனக்கு மனம் வரவில்லை. மாண்டவர்மேற் பிழை சுமத்துதல் அறமன்று. ஆயினும் நாம் கற்கக்கூடியது ஒன்றுண்டு: துப்பாக்கி என்ற சொல்லும் கையின் அசைவும் ஒரே நொடியில் நிகழலாகாது.

காவலரின் அச்சமும் வீணன்று. அதற்குக் கடல்கடந்து சான்று தேடவேண்டா. 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியிற் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். நம் குளத்தூர் வட்டத்திலேயே, கீரனூரை அடுத்த பள்ளத்துப்பட்டியில், 2021 நவம்பர் 21 விடியுமுன், ஆடு திருடிச் சென்றாரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து தனியே துரத்திவந்த நவல்பட்டு நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டுண்டு இறந்தார். திருச்சியினின்று கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் இரவில் கைவிளக்கை ஆட்டி வண்டியை நிறுத்தும் காவலர் இவற்றையெல்லாம் அறிந்தவர். உள்ளே இருப்பவர் நல்லவர் என்பதற்கு அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. அச்சான்றைத் தம் நடையால் அளிக்கும் கடமை கருவி வைத்திருப்பவரைச் சார்ந்தது.

ஆதலின் தணிக்கைக்குரிய ஒழுங்கு வீட்டிலேயே தொடங்குகின்றது. ஔவையார் தூது சென்றபோது, தொண்டைமானுடைய கொட்டிலில் வேல்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலோடு கிடந்தன என்று புறநானூறு கூறும். போர்க்களம் அறியாத வேல்கள் என்பது அப்புகழ்ச்சியுள் மறைந்த இகழ்ச்சி. தொண்டைமான் மரபின் கிளையொன்று ஆண்ட குளத்தூரில் இதனைச் சொல்லுதல் பொருத்தமோ, அறியேன். இன்றைய உரிமக்காரர்க்கு அதியமானைவிடத் தொண்டைமானே நல்ல வழிகாட்டி. கருவி உறைக்குள் மூடிக் கிடத்தல் வேண்டும். பொதுவிடத்தில் வெளித்தெரியக் காட்டித் திரிதலை 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளும் ஒப்பவில்லை.

புறப்படுமுன், உரிமத்தின் காலம் முடிந்துவிட்டதா, அதிற் கண்ட எல்லை எதுவரை என்று பார்த்துக்கொள்க. ஒரு மாவட்டத்திற்கு மட்டும் கொடுத்த உரிமம் மற்றொரு மாவட்டத்தில் வெறுந்தாள். கீரனூரிலிருந்து திருச்சி செல்வார்க்கு இடையில் மாவட்ட எல்லை உண்டென்பதே பலர்க்கு நினைவிராது. உரிமப் புத்தகத்தைத் துப்பாக்கி இருக்கும் பையில் ஒருபோதும் வைக்கலாகாது. இவ்வொரு சொல்லை மட்டும் ஒருவர் நினைவிற் கொண்டால் இக்கட்டுரையின் பயன் முற்றும். உரிமத்தை எடுக்கச் செல்லும் கை கருவியின் பக்கம் செல்லவே கூடாது. சட்டையின் மேற்பையில் உரிமம்; கருவி வேறிடம். வண்டியோட்டும் உரிமமும் பதிவுத் தாள்களும் அவ்வாறே தனியிடத்தில் இருக்கட்டும். இருசக்கர வண்டியில் இருக்கைக்கு அடியில் எல்லாவற்றையும் ஒன்றாய்த் திணிக்கும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. அது இங்கே கேடு.

காவலர் கைகாட்டினால் விரைவைத் தணித்து, ஓரங்கட்டி, எந்திரத்தை நிறுத்துக. இரவாயின் காரின் உள்விளக்கை ஏற்றுக, கண்ணாடியை இறக்குக. கைகளிரண்டும் திருப்புவட்டத்தின்மேல் தெரியும்படி இருக்கட்டும். இருசக்கர வண்டியாயின் பிடிகளின்மேல். கேளாமுன் தாளைத் தேடித் துழாவுதல் வேண்டா. உடன் வருவாரும் அசையாதிருத்தல் நலம்.

இனி, சொல்லுவதா வேண்டாவா என்னும் வினா. மிச்சிகன் போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் நிறுத்தப்பட்டவுடன் தாமே தெரிவித்தல் கட்டாயம். நம் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்டபோது காட்டுக என்கின்றதேயன்றிக் கேளாமுன் கூறுக என்று விதிக்கவில்லை. என் கருத்து இது: காவலர் வண்டித் தாள்களை மட்டும் பார்த்து விடுப்பாராயின், பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கும் கருவியைப் பற்றிப் பேசவேண்டுவதில்லை. ஆனால் கருவி உடலிலேயே இருந்தாலும், இறங்குமாறு சொன்னாலும், வண்டியைச் சோதிக்க முற்பட்டாலும், அவர் கை அதன்மேற் படுமுன் நாம் சொல்லிவிடல் வேண்டும். தாமே கண்டெடுத்த துப்பாக்கி வேறு, சொல்லக் கேட்டறிந்த துப்பாக்கி வேறு.

எப்படிச் சொல்வது? இங்கே நம் இலக்கணம் சிறிது இடர்செய்கின்றது. தமிழில் பயனிலை இறுதியில் நிற்பது இயல்பு. ‘இடுப்பில் துப்பாக்கி’ என்று தொடங்குவார், ‘உரிமத்தோடு இருக்கின்றது’ என்று முடிக்குமுன், கேட்பவர் கை தம் கருவிக்குச் சென்றிருக்கும். ஆகவே உரிமத்தை முதலில் நிறுத்துக. “ஐயா, படைக்கல உரிமம் பெற்றவன் நான். உரிமம் சட்டைப்பையில் இருக்கின்றது. கருவி வலப்புற இடுப்பில் உறைக்குள் உள்ளது. நான் அதைத் தொடவில்லை. தாங்கள் சொல்லுமாறு செய்கின்றேன்.” ஐயா என்றாலும் சார் என்றாலும் குற்றமில்லை; கைகள் அசையாமல் இருக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்லுதல் வேண்டும். உரிமத்தை எடுக்குமாறு பணித்தால், “இடக்கையால் எடுக்கின்றேன்” என்று கூறிவிட்டே எடுக்க.

கருவியைத் தாமே உருவிக் காட்டுதலும், நல்லெண்ணத்தோடு தோட்டாக்களைக் கழற்றப் புகுதலும் பெருந்தவறு. பிஸ்டலாயின், தோட்டாப்பெட்டியைக் கழற்றிய பின்னும் குழலறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். அவசரத்திலும் இருளிலும் அதனை மறப்பார் உளர். வெளிப்பட்ட குண்டு யாரைத் தேடிச்செல்லும் என்று எவர் அறிவார்? நார்த்தாமலைப் பக்கத்தில், பசுமலைப்பட்டித் துப்பாக்கிப் பயிற்சிக்களத்தில் 2021 டிசம்பர் 30 அன்று பயிற்சி நடந்தபோது, நெடுந்தொலைவில் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்தான். பயின்றோர் கையில், அதற்கென்றே ஒதுக்கிய களத்தில் நிகழ்ந்தது அது. சாலையோரத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

காவலர் கருவியை எடுத்துக்கொள்ள விரும்பினால் தடுக்கலாகாது. அவர் செய்வது முறையன்றென்று தோன்றினும் வழக்காடும் இடம் சாலையன்று. மேலதிகாரியும் நீதிமன்றமும் அதற்கு உள்ளன. கைப்பற்றிச் சென்றால், கருவியின் எண்ணும் தோட்டாக்களின் தொகையும் குறித்த ஒப்புச்சீட்டு கேட்டுப் பெறுக. மற்றொன்று: தம் துப்பாக்கியை ஓட்டுநரிடமோ மைத்துனரிடமோ கொடுத்தனுப்பும் வழக்கமும் உண்டு. செப்பனிடவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, உடையவர் பயன்படுத்துவதற்கோ எடுத்துச் செல்வார்க்கு உடையவரின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். உடையவர் உடனிருந்தாலன்றி வாய்ச்சொல் போதாது. உரிமத்தில் விதித்த கட்டுப்பாட்டை மீறினால் ஆறு திங்கள் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தேர்தற்காலம் இவ்வொழுங்குகட்கெல்லாம் புறம்பானது. அறிவிப்பு வந்ததும் பறக்கும் படையினரும் நிலையான கண்காணிப்புக் குழுவினரும் சாலைகளில் நிற்பர். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட பணத்திற்குக் கணக்குக் கேட்பவர் துப்பாக்கிக்குக் கேளாதிருப்பரோ? அந்நாட்களில் உரிமம் பெற்ற கருவிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வரும். வங்கிக் காவலர் போன்ற சிலர்க்கே விலக்கு. ஒப்படைத்தபின் அச்சீட்டையே உரிமப் புத்தகத்துள் வைத்துக்கொண்டு, இடுப்பு வெறிதாக, வழக்கம்போல் வண்டியோட்டலாம். தேர்தல் முடிந்து திரும்பப் பெறுங்கால், கருவியின் எண் சீட்டில் உள்ளதுதானா, தோட்டாக்கள் தொகை குறையாமல் உள்ளனவா என்று நிலையத்திலேயே எண்ணிப் பார்த்து, கையொப்பம் அதன்பின் இடுக.